மப்புப் போட்ட கார்த்திகையும் நூல் கட்டிய பருத்திப் பூக்களும்

காலையில் பருத்திக் காட்டுக்குள் நுழைந்ததும் வரிசை முழுக்கச் சப்பை, அதாவது விரியாத பூ மொட்டு, உதிர்ந்து கிடப்பதைப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். பருத்தி போட்டவர்களுக்கு இது தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் கார்த்திகை மாதம் அப்படித்தான் உதிர்ந்தது. கைநிறைய அள்ளிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். புழு என்றார்கள், ஒரு மருந்து கொடுத்தார்கள், அடித்தேன். நிற்கவில்லை. பத்து நாள் கழித்து இன்னொரு மருந்து. அதற்கும் நிற்கவில்லை. மார்கழி பிறந்து வானம் வெளுத்த பிறகு தானாகவே உதிர்வது குறைந்தது. பக்கத்துக் காட்டுப் பெரியப்பா அப்போதே சொன்னார்: "மப்புப் போட்டா சப்பை நிக்காதுடா, நீ எதத் தெளிச்சாலும்." மப்பு என்றால் வானம் மேகம் மூடிக் கிடப்பது. அன்றைக்கு அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன பட்டத்தில்தான் அவர் சொன்னது எந்த அளவுக்கு உண்மை என்று எண்ணிப் பார்த்துவிடுவது என இறங்கினேன். அந்தக் கணக்குதான் இது.

எங்கள் காடு அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, மூன்று ஏக்கர் கரிசல். மானாவாரிதான், ஒரு பழைய கிணறு உண்டு, தை மாதம் ஒரே ஒரு தண்ணீர் கொடுக்கலாம், அதுவும் பாதிக் காட்டுக்கு எட்டினால் பெரிது. விதைத்தது கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் வந்த கே.சி.3 பருத்தி ரகம். வரிசைக்கு வரிசை 45 சென்டிமீட்டர், சரிவுக்குக் குறுக்கே கிழமேலாக. செப்டம்பர் 25, புரட்டாசி இரண்டாவது வாரம், ஈரம் பார்த்து விதைத்தோம். முதல் சப்பை நவம்பர் முதல் வாரத்தில் கண்ணில் பட்டது, முதல் பூ நவம்பர் 25 வாக்கில்.

இந்தத் தேதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள், சிக்கல் எங்கே என்று தெரியும். நம் பக்கத்துப் பகல்பொழுது வருடம் முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. இந்த அட்சரேகையில் நீண்ட பகல் 12 மணி 40 நிமிடம் போல, குறுகிய பகல் பதினொன்றரை மணிக்குச் சற்று மேல். பருத்தி விளைகிற உஸ்பெகிஸ்தானில் கோடையில் கிட்டத்தட்ட 15 மணி நேரம் வெயில், மழை கிடையாது, தண்ணீர் வாய்க்காலில் வருகிறது, அங்கே செடி வெளிச்சத்தையும் தண்ணீரையும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறது. நமக்கு அப்படி இல்லை. வடகிழக்குப் பருவமழை தண்ணீரைக் கொடுக்கிற அதே ஐப்பசி, கார்த்திகையில்தான் வெயிலைப் பிடுங்கிக்கொள்கிறது. வெயில் திரும்பி வரும்போது நிலம் வெடிக்க ஆரம்பித்துவிடுகிறது. இன்றைக்கு நாம் போடுகிற ரகங்கள் பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற ரகங்கள் இல்லை, வயது வந்தால் பூத்துவிடும், மப்பாக இருந்தாலும் பூத்துவிடும். பூத்ததைக் காயாக்கத்தான் வெளிச்சம் வேண்டும்.

சரி, முதலில் புழுவா இல்லையா என்று தீர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. உதிர்ந்த சப்பைகளில் நூறு பொறுக்கி, சவரப் பிளேடு வைத்து ஒவ்வொன்றாகக் கீறினேன். புழு குடைந்த சப்பை என்றால் ஓட்டை இருக்கும், உள்ளே கறுப்பாக எச்சம் இருக்கும், வெளியே மூடியிருக்கிற மூன்று இதழும் விரிந்து மஞ்சளித்துப் போயிருக்கும். என் நூறில் அப்படி இருந்தவை ஒன்பதுதான். மீதியெல்லாம் ஓட்டை இல்லாமல், உள்ளே மகரந்தப் பை வெளிறிச் சுருங்கி, காம்பு ஒட்டிய இடம் கத்தியால் சீவினது போல வழவழப்பாக இருந்தது. செடி தானாக வெட்டிப் போட்டது அது. இந்த ஒரு வேலையை இரண்டு வருடம் முன்னால் செய்திருந்தால் இரண்டு மருந்தின் காசு மிச்சமாகியிருக்கும். சப்பை உதிர்கிறதா, எதையும் வாங்குவதற்கு முன் இருபது சப்பையையாவது கீறிப் பாருங்கள்.

செடி ஏன் வெட்டிப் போடுகிறது என்றால், ஒரு காய்க்குச் சாப்பாடு பெரும்பாலும் அது ஒட்டியிருக்கிற கணுவின் இலையிலிருந்துதான் வருகிறது. அந்த இலைக்கு வெளிச்சம் குறைந்தால் சர்க்கரை குறையும், சர்க்கரை குறைந்தால் காம்படியில் உதிரும் படலம் உருவாகிவிடும். பூத்த முதல் பத்துப் பன்னிரண்டு நாள்தான் ஆபத்து. இரண்டு வாரம் தாண்டிய காய் அநேகமாக உதிராது. பருத்தியில் பாதிக்கு மேல் உதிர்வது எப்படியும் நடப்பதுதான், நல்ல வெயில் வருடத்திலும் அப்படித்தான். மப்பு அதை எவ்வளவு கூட்டுகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அதற்குச் செய்தது நூல் கட்டுவது. ஊரில் நூற்பு ஆலைக்குப் போகிற ஒரு தம்பியிடம் கழிவு நூல் கேட்டேன், ஐந்து நிறத்தில் சாயமேற்றிய நூல் கொண்டுவந்து கொடுத்தான். பருத்திப் பூ காலையில் வெளுத்த மஞ்சளாக விரியும், மறுநாள் இளஞ்சிவப்பாகி வாடும், அதனால் இன்று பூத்தது எது, நேற்றுப் பூத்தது எது என்பதில் குழப்பமே வராது. தினமும் காலை எட்டரையிலிருந்து பத்துக்குள், அன்று விரிந்த பூவின் காம்பில் ஒரு முடிச்சு. வாரத்துக்கு ஒரு நிறம். நவம்பர் 25-லிருந்து முதல் வாரம் சிவப்பு, அடுத்தது பச்சை, பிறகு மஞ்சள், நீலம், கறுப்பு. முடிச்சை இறுக்கக் கூடாது. முதல் இரண்டு நாள் இறுக்கிக் கட்டி, காம்பு வீங்கும்போது நூல் அறுத்து நாலைந்து பிஞ்சு என்னாலேயே விழுந்தது, அவற்றைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். விரல் நுழைகிற அளவு தொளதொளவென்று விட வேண்டும்.

எந்தச் செடியில் கட்டுவது என்பதில்தான் கொஞ்சம் யோசித்தேன். காட்டின் நடுவில் 20 செடி. தெற்கு வரப்பு ஓரம் 20 செடி, அங்கே ஐந்து வேம்பு நிற்கிறது, அப்பா வைத்தது, இருபத்தைந்து அடி உயரம் இருக்கும். வரப்போரச் செடி நோஞ்சானாக இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அது நிழலாலா, வேம்பின் வேர் ஈரத்தை உறிஞ்சுவதாலா என்பதை எப்படிப் பிரிப்பது? வடக்கு வரப்பிலும் அதே வயதில் மூன்று வேம்பு உண்டு. அங்கே நின்று யோசித்தபோதுதான் பொறி தட்டியது. கார்த்திகை, மார்கழியில் சூரியன் முழுக்கத் தெற்கே சாய்ந்து போகிறது, வடக்கு வரப்பு மரத்தின் நிழல் என் காட்டுக்குள் விழவே விழாது, அந்தப் பக்கத்து ஓடையில்தான் விழும். வேர் உண்டு, நிழல் இல்லை. அங்கே ஒரு 20 செடி. நானாக ஏற்பாடு செய்திருந்தாலும் இவ்வளவு சரியான ஒப்பீடு கிடைத்திருக்காது.

சாய்வைச் சும்மா சொல்லவில்லை, குச்சி நட்டு அளந்தேன். ஒரு மீட்டர் மூங்கில் குச்சியை நேராக நட்டு, மார்கழி முதல் வாரத்தில் பன்னிரண்டே கால் மணிக்கு (நம் பக்கம் அப்போதுதான் உச்சி) நிழலை அளந்தால் 64 சென்டிமீட்டர், நேர் வடக்கே. இருபத்தைந்து அடி வேம்புக்கு உச்சி வெயிலிலேயே பதினாறு அடி நிழல், அதாவது தெற்கோரத்தில் முதல் பத்து வரிசை. காலை ஒன்பதுக்கு அதே நிழல் வடமேற்காக இன்னும் எவ்வளவோ நீண்டு கிடக்கும். இதே குச்சியைச் சித்திரை பிறக்கும்போது நட்டால் உச்சியில் நிழலே காலடியில் ஒடுங்கிவிடும், வைகாசி, ஆனியில் நிழல் தெற்குப் பக்கமாக விழும். ஆகவே மாசிப்பட்டப் பருத்தி போடுகிறவர்களுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது, அவர்கள் வடக்கு வரப்பையும் பார்க்க வேண்டும்.

வெளிச்சத்தை அளக்க முதலில் கைப்பேசிச் செயலியை நம்பினேன். நிழலில் சரியாகக் காட்டியது, நல்ல வெயிலில் ஒரு எண்ணில் போய் முட்டி நின்றுவிட்டது. பிறகு ஒரு மலிவான லக்ஸ் மீட்டர் வாங்கினேன், 2 லட்சம் லக்ஸ் வரை காட்டக்கூடியது. பச்சை நூல் வாரத்தில் ஒரு நாள் உச்சிப்பொழுதில் நடுக்காட்டில் 14,000. மார்கழித் தெளிவான வானத்தில் அதே இடத்தில், அதே நேரத்தில் 90,000-க்குக் கிட்டே. கண்ணுக்கு இது இவ்வளவு வித்தியாசமாகவே தெரியாது, மப்பு நாளிலும் நமக்கு நன்றாகத்தானே தெரிகிறது, அதனால்தான் செடி பட்டினி கிடக்கிறது என்று நாம் நினைப்பதில்லை.

செடியைப் பார்த்தாலே தெரியும், மீட்டர் தேவையில்லை என்று பிறகுதான் புரிந்தது. பருத்தி இலை சூரியனைப் பார்த்துத் திரும்பும். வெயில் நாளில் காலை எட்டு மணிக்கு வரப்பில் கிழக்கு முகமாக நின்றால் இலைகளின் முதுகுப்பக்கமும் நரம்புமாகத் தெரியும், காடே நமக்கு முதுகு காட்டிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பது போல இருக்கும். சாயங்காலம் நாலரைக்கு அதே இலைகள் மேற்கே சாய்ந்திருக்கும். மப்பு நாளில் எதுவும் திரும்புவதில்லை, எல்லாம் தட்டையாகப் படுத்துக் கிடக்கும். தொடர்ந்து நாலு நாள் காலையில் இலை தட்டையாகக் கிடந்தது என்றால், அடுத்த வாரம் உதிரப்போகிறது என்று நான் இப்போது எழுதியே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கருவி, காசே இல்லாதது. ஒரு மீட்டர் ரீப்பர் கட்டைக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, சென்டிமீட்டருக்கு ஒரு கறுப்புக் கோடு போட்டேன். உச்சி வெயிலில் அதை வரிசைக்குக் குறுக்கே, செடிகளின் அடியில் தரையோடு வைத்து, எத்தனை கோட்டில் வெயில் பொட்டு விழுகிறது என்று எண்ணினால் போதும், நூற்றில் எத்தனை வெளிச்சம் அடிவரை இறங்குகிறது என்று கிடைத்துவிடும். எழுபதாம் நாள் தாண்டி, மப்பு விலகிய நாளில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன், சராசரி 18. அரை ஏக்கரில் மட்டும் வேறு மாதிரி விதைத்திருந்தேன், அங்கே 31. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

முதலில் நூல் கணக்கு. நடுக்காட்டின் 20 செடியில் சிவப்பு நூல் 64 பூவில் கட்டினேன், காயாகி நின்றது 15. பச்சை 81-க்கு 17. மஞ்சள் 96-க்கு 33. நீலம் 102-க்கு 51. கறுப்பு 70-க்கு 29. சிவப்பும் பச்சையும் முழு மப்பு, மஞ்சள் வாரம் பாதிப் பாதி, நீலம் பளிச்சென்ற மார்கழி வெயில், கறுப்பிலும் வெயில்தான், ஆனால் மண் காய ஆரம்பித்துவிட்டது. வழக்கமாக முதலில் பூப்பதுதான் நன்றாகத் தங்கும், அப்போது செடியில் பாரமே இருக்காது. இங்கே அது தலைகீழாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கணக்கைப் பார்த்ததும் பெரியப்பா வீட்டுக்கு நோட்டோடு போய்விட்டேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், பச்சை வாரத்தில் மூன்று நாள் காலையிலேயே மழை பெய்தது. விரிந்த பூவுக்குள் தண்ணீர் போனால் மகரந்தம் வெடித்து வீணாகிவிடும், அதற்கு வெளிச்சம் காரணமில்லை. சிவப்பு வாரத்தில் காலை மழை இல்லை, அதை வைத்துத்தான் நான் வெளிச்சத்தைக் குற்றம் சொல்கிறேன்.

இனி வரப்பு. நடுவில் 20 செடிக்கு மொத்தம் 145 காய். வடக்கு வரப்போரம், வேர் மட்டும் உள்ள இடத்தில் 118. தெற்கு வரப்போரம், வேரும் நிழலும் சேர்ந்த இடத்தில் 58. எண்ணி முடித்து அந்த வரப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். ஈரத்தைத்தான் மரம் எடுக்கிறது என்று அப்பா காலத்திலிருந்து சொல்லி, தெற்கோரத்தில் வேர் அறுக்க இரண்டடிப் பள்ளம்கூட வெட்டியிருக்கிறோம். இழப்பில் வேர் எடுத்தது கொஞ்சம், பெரும்பகுதியை எடுத்தது நிழல். தெற்கோரச் செடிகளின் உருவமே வேறு, கணுவுக்குக் கணு நீண்டு, வெயிலைத் தேடி வடக்கே சாய்ந்து, உயரத்தில் நடுக்காட்டுச் செடியைவிடக் கூட, தூரத்திலிருந்து பார்த்தால் செழிப்பு என்று ஏமாந்துவிடுவோம். அடிக்காய் நாலைந்து அழுகியும் போனது, பனி காயாத இடம் அது.

அந்த அரை ஏக்கர் விஷயம். 45 சென்டிமீட்டர் சமமாக விடாமல், இரண்டு வரிசையை 30-ல் நெருக்கி, அடுத்த ஜோடிக்கு 60 விட்டு, அந்த 60-ல் ஒரு வரிசை உளுந்து போட்டேன். ஏக்கருக்குப் பருத்திச் செடி எண்ணிக்கை அதேதான். உளுந்து எழுபது நாளில், டிசம்பர் முதல் வாரத்தில் பிடுங்கியாகிவிட்டது. பருத்திக்கு வெளிச்சம் அதிகம் தேவைப்படுகிற நேரத்தில் சந்து தானாகத் திறந்துகொண்டது. அங்கே 20 செடிக்கு 171 காய். உளுந்து வீட்டுச் செலவு போக விற்கவும் கொஞ்சம் இருந்தது. அம்மாவுக்கு இந்த அரை ஏக்கர்தான் பிடித்தது, பருத்தி எடுக்க வந்த அக்காக்களுக்கும், சேலை மாட்டாமல் நடக்க இடம் இருக்கிறதே என்றார்கள். வரிசையைத் தென்வடலாகப் போட்டால் காலையும் மாலையும் இரண்டு பக்கமும் வெயில் விழும், உச்சியில் சந்து முழுக்க இறங்கும், இன்னும் நல்லது. என் காட்டில் சரிவு அதற்கு விடாது, தென்வடலாக ஓட்டினால் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். சமதளக் காடு உள்ளவர்கள் கட்டாயம் யோசிக்கலாம்.

தெளிப்பு விஷயத்தில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சப்பை, பிஞ்சு உதிர்வதைக் குறைக்க 40 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 40 பங்கு) அளவில் என்.ஏ.ஏ. பயிர் ஊக்கியை 60-ஆம் நாளும் 90-ஆம் நாளும் தெளிக்கச் சொல்கிறது. கடையில் கிடைக்கிற 4.5 சதவீத மருந்து என்றால் பத்து லிட்டர் தண்ணீருக்கு 9 மில்லி. நான் 60-ஆம் நாள் காடு முழுக்க ஒரே மாதிரி அடித்தேன், ஒப்பீடு கெடக்கூடாது என்பதற்காக. அது நல்லதுதான், காம்பு வெட்டுப்படுவதைத் தள்ளிப்போடும். ஆனால் இலைக்கு வெயில் இல்லாதபோது சர்க்கரையை அது எங்கிருந்து கொண்டுவரும்? யூரியாவுக்கும் இதே கதைதான். மப்பு நாளில் மேலுரம் கொடுத்தால் செடி தழைத்து, மேல் இலை கீழ்க்காய்க்கு நிழல் போடும். நான் மேலுரத்தை வானம் வெளுக்கும்வரை பத்து நாள் நிறுத்திவைத்தேன். பதினைந்தாவது கணுவுக்கு மேல் நுனியைக் கிள்ளியும் விட்டேன், அதற்கு இரண்டு ஆள் ஒரு நாள் வேலை.

கறுப்பு நூல் கணக்கை மறுபடியும் பாருங்கள். வெயில் நன்றாக இருந்தும் நீலத்தை எட்டவில்லை. தை மாதம் கிணற்றுத் தண்ணீர் எட்டின பக்கத்தில் செடிகள் மறுபடி சப்பை வைத்தன, எட்டாத பக்கத்தில் இலை சிவந்து நின்றுவிட்டது. கரிசலுக்குப் பருத்தி ஏன் பொருந்துகிறது என்று எனக்கு இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. மப்பு வாரத்து மழையை இந்த மண் ஆழத்தில் பிடித்துவைத்து, வெயில் வாரத்தில் வேருக்குக் கொடுக்கிறது. மழையை அப்படிச் சேர்த்துவைக்கலாம். வெயிலைச் சேர்த்துவைக்கச் செடிக்கு வழி கிடையாது, அன்றைக்கு விழுந்ததை அன்றைக்கே பிடித்தால்தான் உண்டு.

விதைப்புத் தேதியைத்தான் இன்னும் முடிவு செய்ய முடியவில்லை. முந்தி விதைத்தால் பூ முழுக்க மப்பில் மாட்டும், ரொம்பப் பிந்தினால் காய் பருக்கும்போது மண்ணில் ஈரம் இருக்காது. அதனால் இந்தப் புரட்டாசியில் கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற ஒரு ஏக்கரை மட்டும் பத்து நாள் தள்ளி விதைக்கப் போகிறேன், மீதி வழக்கமான தேதியில். இரண்டிலும் ஜோடி வரிசையும் உளுந்தும்.

தெற்கு வரப்பு வேம்பை வெட்ட எனக்கு மனமில்லை, அம்மாவும் விடமாட்டார். போன வாரம், ஆவணி பாதியில், ஆள் ஏற்றி வடக்கே நீண்ட கிளைகளையும் அடிக்கிளைகளையும் கழித்துவிட்டேன், தழை முழுக்கப் பெரியப்பா வீட்டு ஆட்டுக்குப் போய்விட்டது. அந்த ஓரத்து முதல் ஆறு வரிசைக்குப் பருத்தியே வேண்டாம், தட்டைப்பயறு போட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறேன். நூல் இன்னும் நாலு நிறம் மிச்சம் இருக்கிறது. சிவப்பு மட்டும் வெயிலில் வெளிறி ஆரஞ்சாகிவிட்டது, அதை மாற்றச் சொல்லி அந்தத் தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.